பனைநாட்டுச் சபைகளில் வேதவாசிப்பும் கூட்டுப்பாட்டும்

நம் குலத்தாருட் கிறிஸ்து மார்க்கம் புகுந்தோர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பாதிரிமார் வரலாற்றையே எழுதி முடிக்கின்றனர். எந்த ஐயர் எந்த ஆண்டிற் கப்பலேறினார், எவ்வூரிற் பங்களாக் கட்டினார், எத்துணைப் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்னும் கணக்குகள் அச்சேறிய அறிக்கைகளில் நிறைந்து கிடக்கின்றன. அவ்வையர்மார் வராத காலத்தும், வந்தவர் இறந்துபட்ட காலத்தும், அம்மக்கள் எங்ஙனம் நிலைத்து நின்றனர் என்பது அவ்வறிக்கைகளில் ஓரிரு வரிக்குமேல் இடம்பெறுதல் அரிது. அதனையே ஈண்டு ஆராயப் புகுந்தேன். இப்பத்திரிகையை வாசிப்போருட் சைவரும், வைணவரும், அம்மனை வழிபடுவோரும், கிறிஸ்தவரும் உளராதலின், எம்மதம் மெய்ம்மதம் என்னும் வாதம் இதிற் புகாது. அண்ணன் நெற்றியில் திருநீறும், தம்பி கழுத்திற் சிலுவையும் உள்ள குடும்பங்கள் நம் நாட்டில் எத்துணையோ உள. தம்பி வீட்டில் மாலைதோறும் எழும் பாட்டு எங்கிருந்து வந்தது, யாது செய்தது என்பதனை அண்ணனும் அறிந்திருத்தல் நன்றன்றோ?

கூடிப் பாடி ஒருவரையொருவர் தேற்றுதல் அம்மதத்தில் இடைக்காலத்தே தோன்றிய வழக்கன்று. அப்போஸ்தலராகிய பவுல், கொலோசெ நகரத்துச் சபைக்கும் எபேசு நகரத்துச் சபைக்கும் விடுத்த நிருபங்களில், சபையார் தமக்குள் அறிவுரை கூறிக்கொள்ளுதற்குப் பாட்டினையும் ஒரு வாயிலாகக் கொள்ளல் வேண்டுமென விதித்தார். அவரும் சீலாவும் பிலிப்பி நகரத்துச் சிறையில் நள்ளிரவிற் பாடியபோது, ஏனைக் கைதிகள் செவிசாய்த்திருந்தனர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். பாட்டுக் கடவுளை நோக்கியதேயாயினும், பக்கத்திலிருப்பான் செவியிலும் விழுகின்றது; அவனுக்கு அது, தான் தனியனல்லன் என்பதை அறிவிக்கின்றது. இம்மதத்தைச் சேராதாரே தரும் சான்றும் ஒன்றுண்டு. ஏறத்தாழக் கி. பி. 112-ல், பித்தினியா நாட்டை ஆண்ட பிளினி என்னும் உரோமை அதிகாரி, தம் பேரரசராகிய திராயனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர் குறித்த நாளில் விடியுமுன் கூடி, தம்முள் மாறிமாறிப் பாடுவர் என்று தெரிவித்தார். அவர் அவர்களைத் தண்டித்தவர். புகழ்ந்துரைக்க வேண்டிய காரணம் அவர்க்கில்லை.

கூட்டமாயிருந்து பாடுதல் தமிழர்க்கும் புதிதன்று. அடியார் கூட்டத்தை விரும்பிப் பாடாத சமயகுரவர் இலர். மார்கழியில் மகளிர் ஒருவரையொருவர் எழுப்பி நீராடச் செல்லும் முறையில் அமைந்த பாவைப் பாட்டுகள் சைவர்க்கும் வைணவர்க்கும் உரியன. எனினும், திருக்கோயில்களில் ஓதுவார் ஓதப் பிறர் கேட்டிருத்தலே பெருவழக்காயிற்று. தரங்கம்பாடி வழியாக வந்த மார்க்கமோ, கோயிலினுட் புகுந்தார் யாவரும் வாய்திறந்து பாடியே ஆகவேண்டும் என்னும் கட்டளையோடு வந்தது. லுத்தர் என்பார் 1524-ம் ஆண்டு முதல் ஜெர்மன் நாட்டுப் பொதுமக்களுக்கென்று அவர்தம் மொழியிலேயே பாட்டுப் புத்தகங்களை வெளிவரச் செய்தார். அம்மரபில் வளர்ந்த சீகன்பால்கு ஐயர் 1706-ம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ந் தேதி தரங்கம்பாடியில் இறங்கினார். 1715-ல் புதிய ஏற்பாடு முழுதும் தமிழில் அச்சாயிற்று. ஜெர்மன் பாட்டுகளும் தமிழிற் பெயர்க்கப்பட்டன. (1910-ல் நம் மகாஜன சங்கம் தோன்றிய பொறையாறு, தரங்கம்பாடியை அடுத்த ஊரே. வரலாற்றில் இவ்வாறு ஊர்கள் அருகருகே அமைதல் ஏதுவின்றி நிகழ்வதாயினும், எண்ணிப் பார்க்கையில் இன்பந் தருவது.)

அப்பெயர்ப்புப் பாட்டுகளைப் பற்றித் தமிழாசிரியன் என்னும் முறையில் ஒன்று கூறல் வேண்டும். ஜெர்மன் மெட்டு, ஓரசைக்கு ஓரொலி என்று நடப்பது. தமிழ்ச் சொல்லோ குறிலும் நெடிலும் தம்தம் மாத்திரையில் நின்றாலன்றிப் பொருள் தெளிவாகாது. மெட்டு நீளுமிடத்துக் குறில் வந்தால் அது நெடிலாக இழுபடும். மெட்டுக் குறுகுமிடத்து நெடில் வந்தால் அது நசுங்கும். ஒரு சொல் இரண்டாகப் பிளந்து, தலை ஓரடியிலும் கால் மற்றோரடியிலும் கிடக்கும். யாப்பு அறிந்தார் செவிக்கு அது கல்லும் நெல்லும் கலந்த சோறே. 1740-ல் இந்தியா வந்து, சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் ஊழியம் செய்த பப்ரீஷியஸ் ஐயர் இக்குறையைப் பெரிதும் நீக்கினார். வேதத்தைத் தமிழ்ப்படுத்தியதில் அவர் பட்ட பாட்டையே பாட்டுகளிலும் பட்டார். சொல்லை எடைபோட்டு வைத்தார். அவருடைய ஞானப்பாட்டுகளைப் பாடும் லுத்தரன் சபையார் இன்றும் உளர். ஆயினும், மெட்டு வேற்றுநாட்டதே. ஏட்டுக் கல்வியில்லாத உழவன் வீட்டிற்குப் போகும் வழியில் தானே முணுமுணுத்துச் செல்லத் தக்க பாட்டு, தமிழ்க் கிறிஸ்தவர்க்கு இன்னும் வரவேண்டியிருந்தது.

நிற்க. இனித் தென்பாண்டி நாட்டுக்கு வருவாம்.

தஞ்சையிலிருந்த சுவார்த்தர் ஐயர் 1778-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார்; 1780-ல் அங்கு நாற்பதின்மர் பெயரோடு ஒரு சபைப்பதிவு தொடங்கிற்று. 1790-ல் தஞ்சையிற் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் என்பார் அச்சபைக்குக் குருவாக அமைந்தார். அப்பதிவிற் கண்டோர் பல வகுப்பினர். பனைநாட்டார் அதிற் பெரும்பாலும் இலர். சாத்தான்குளத்தை அடுத்த காலன்குடியிற் பிறந்த நம்மவராகிய தாவீது சுந்தரானந்தம் தஞ்சை சென்று, அங்கே இம்மார்க்கத்தை ஏற்று, உபதேசியாராய்த் தம் ஊர்ப்பக்கம் திரும்பிய பின்னரே, தேரி நிலத்துப் பனங்காடுகளில் இச்செய்தி பரவிற்று. 1797-ல் சண்முகபுரம், விஜயராமபுரம் என்னும் ஊர்களிற் சிலர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்கள் தொழுத சிறு கோயில் பகைத்தாரால் அழிக்கப்பட்டது. மக்கள் அடியும் அவமானமும் பட்டனர். இதனால் தாவீது, தனியே நிலம் வாங்கி 1799-ல் ஓர் ஊரை அமைத்தார். அதிற் குடியேறினோர் 28 பேர். முதலிற் றோன்றிய கிறிஸ்தவக் குடியிருப்பாதலின் முதலூர் என்று பெயர் பெற்றது. சில ஆண்டுகட்குள் தாவீதும் மறைந்தார். நஞ்சிடப்பட்டார் என்றே மக்கள் வழிவழியாகக் கூறி வந்திருக்கின்றனர்.

1802-ல் கெரிக்கே ஐயர் என்பார் வந்து ஆயிரத்துக்கு மேற்பட்டார்க்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பின்னரும் ஊரூராகச் சேர்ந்தனர். அடுத்த ஆண்டிலேயே அவரும் இறந்தார். அதன்பின் திருநெல்வேலிச் சபைகட்கு நேர்ந்தது ஓர் அநாதைக் காலம். இடையே ரிங்கல்தௌபே ஐயர் திருவிதாங்கூரினின்றும் சில ஆண்டுகள் வந்துபோயினார் என்பதல்லது, உடனிருந்து பார்ப்பார் எவருமிலர். 1811-ஐ ஒட்டிப் பெருங்காய்ச்சல் பரவி ஊர்கள் வெறுமையாயின. புதிய தெய்வத்தைப் பற்றியதனாலேயே பழைய தெய்வம் சினந்தது என்று அஞ்சிப் பலர் திரும்பிச் சென்றனர். அவரைப் பழித்தற்கு நாம் யார்? பிள்ளையைப் புதைத்த கையோடு நிற்பான் எத்திசையிலும் கைநீட்டுவான். ஆயினும், 1816-ல் படைக் குருவாகப் பாளையங்கோட்டைக்கு வந்த ஹஃப் ஐயர், இச்சபைகள் அழிந்தொழிந்தன என்று எண்ணித் தேடியபோது, மூவாயிரத்துக்கு மேற்பட்ட கிறிஸ்தவர் பல ஊர்களிற் சிதறியிருக்கக் கண்டார். முதலூரும் நாசரேத்தும் முழுதும் கிறிஸ்தவர் ஊர்களாகவே நின்றிருந்தன.

இவர்களை நிறுத்தியது யாது? பொருளுதவி என்பார்க்கு விடை எளிது: தஞ்சையிலிருந்து வந்தது உபதேசிமார்க்கே போதாது. அதிகாரத்தின் துணை என்பார்க்கும் விடை உண்டு: கும்பெனியார் அக்காலத்தில் பாதிரிமாரையே விரும்பிலர். எனது துணிபு, அவர்களை நிறுத்தியவை அந்திக்கூட்டமும், அதில் நெட்டுருச் செய்த வேதவாக்கியமும், கூடிப் பாடிய பாட்டுமே என்பதாம். இதனை அவ்வூர்களின் வாழ்க்கைமுறையை நோக்கி அறியலாம்.

பதநீர்க் காலத்திற் பனையேறுவோன் விடியுமுன் மரத்தடியில் நிற்பான். காலையும் மாலையும் பாளை சீவி, கலயம் இறக்கி, மீண்டும் கட்டுவான். அவன் மனைவி விடிலியில் அடுப்பின்முன் நின்று பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவாள். இவ்வாழ்க்கையில் எழுத்துப் பயில்வதற்கு நாழிகை ஏது? எனவே, வேதம் அவர்களுக்குக் கண்வழிப் புகவில்லை. செவிவழிப் புகுந்து வாய்வழி நிலைத்தது. மாலையிற் கோயில்மணி அடித்தவுடன் கூடுவர். உபதேசியார் ஒரு வாக்கியத்தை வாசிப்பார். கூட்டத்தார் அதனைத் திருப்பிச் சொல்வர். மறுபடியும் வாசிப்பார், மறுபடியும் சொல்வர். கர்த்தருடைய ஜெபம், பத்துக் கற்பனை, விசுவாசப் பிரமாணம், வினாவிடை ஆகியவை இங்ஙனமே மனப்பாடமாயின. திண்ணைப் பள்ளியில் நம் முன்னோர் ஆத்திசூடி கற்றதும் இம்முறையிலன்றோ? அச்சுப் புத்தகம் எட்டாத இடத்தில் ஏட்டிற் பெயர்த்தெழுதுதல் அந்நாளைய வழக்கம். அவ்வேடு தாம் ஏறும் மரத்தின் ஓலையே என்பதனைப் பனையேறிக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஒருவன் ஒரு வாக்கியத்தை மறந்துழி, அருகிருப்பான் அதனை நிரப்புவான். இதுவே ஒருவரையொருவர் தேற்றுதல் என்பதன் வேர் என்று கருதுகின்றேன். தனியே கற்ற கல்வி, துன்பம் வந்த நாளில் தனியாகவே கைவிட்டுப் போதலும் உண்டு. ஊரே சேர்ந்து கற்றது ஒருவன் மறப்பினால் அழிவதில்லை. காய்ச்சலிற் கிடப்பான் வாய் சோர்ந்தாலும், திண்ணையிலிருப்பார் வாய் அதனைச் சொல்லிக்கொண்டிருக்கும். 1845-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விபூதிச் சங்கத்தார் என்போர் கிறிஸ்தவர் ஊர்களைத் தாக்கி வீடுகளைக் கொள்ளையிட்டபோதும், சிதறியோர் மீண்டும் கூடியவிடத்து முதலிற் கிடைத்தது கூரையன்று, மனப்பாடமாயிருந்த இவையே. இருதிறத்தார் பெயர்த்திகளும் இன்று ஒரே பள்ளியிற் படிக்கின்றனராதலின் அக்கலகத்தை விரித்தெழுதுவேனல்லேன்.

இவ்விடத்தே தஞ்சையில் நிகழ்ந்த ஒரு வழக்கினைக் கூறியாகவேண்டும். பாட்டின் வரலாற்றிலும் நம் குலத்தின் வரலாற்றிலும் அது முக்கியமானது.

வேதநாயகம் சாஸ்திரியார் 1774-ல் பாளையங்கோட்டையிற் பிறந்தவர், வேளாண் குலத்தவர். இளமையிலேயே சுவார்த்தர் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, பின்னாளில் அரசரான சரபோஜியோடு பயின்று, தமிழ்ப் பள்ளிக்குத் தலைவராகவும் சுவிசேஷ கவிராயராகவும் விளங்கினார். 1800-ல் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குறவஞ்சி, நொண்டி நாடகம், தச்ச நாடகம், ஏற்றப்பாட்டு எனத் தமிழ்நாட்டுத் தெருவும் வயலும் அறிந்த அமைப்புகளிலே வேதச் செய்தியை வைத்தார். அவருடைய கீர்த்தனங்களே ஈண்டு நாம் நோக்கற்குரியன. கீர்த்தனம் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகளை உடையது. பல்லவி முதலிற் பாடப்பட்டு, ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் திரும்பி வரும். சரணங்களை அறிந்தான் ஒருவன் முன்நின்று பாடினாற் போதும்; பல்லவி வருமிடத்து ஊரெல்லாம் சேர்ந்துகொள்ளும். இரண்டாம் முறை வருகையில், அன்று புதிதாய் வந்தவனும் சேர்ந்துகொள்வான். ஜெர்மன் மெட்டுப் பாட்டில் எல்லா அடியும் எல்லார்க்கும் தெரிதல் வேண்டும். கீர்த்தனத்தில் ஒருவன் அறிவு எல்லார்க்கும் உதவும். எழுத்தறியாத சபைக்கு இதனினும் தக்கதோர் அமைப்பை எவரும் வகுத்தல் இயலாது. அதனை வகுத்தவர் சாஸ்திரியார் அல்லர், தமிழிசைப் பெரியோர். ஆயினும், சபைக்கு அது பொருந்தும் என்று கண்டவர் அவரே.

1829-ஐ ஒட்டித் தஞ்சைக்கு வந்த ஹாப்ரோ ஐயர் முதலிய புதிய பாதிரிமாருக்கும் பழைய சபையார்க்கும் பெரும்பூசல் மூண்டது. சாஸ்திரியார் சபையாரின் சார்பாக எழுதியவற்றில் நான்கு குறைகள் கூறப்பட்டன. பழகிய வேதமொழிபெயர்ப்பை நீக்கிப் புதியதைப் புகுத்துதல் ஒன்று. சாதி வேற்றுமையின்றி யாவரும் கலந்திருக்கும்படி வற்புறுத்தல் மற்றொன்று. விழாக்களிற் பூ வழங்குதலை விலக்கல் மூன்றாவது. தமிழ்க் கீர்த்தனங்களையும் இசைக்கருவிகளையும் தடுத்தல் நான்காவது. சாதி திருத்தலின் பயித்தியம் என்றே பெயரிட்டு ஒரு நூலும் எழுதினார். சுவார்த்தர் காலத்திலிருந்து தஞ்சைக் கோயிலில் வேளாளர் ஒரு பக்கமும் ஏனையோர் மறுபக்கமும் இருந்தனர். நற்கருணை பெறுதலிலும் முன்பின் முறையுண்டு. அது காக்கப்படல் வேண்டும் என்பதே அவர் கட்சி. 1833-ல் கல்கத்தா அத்தியட்சராகிய டானியேல் வில்சன், சபையிற் சாதி வேற்றுமை அறவே ஒழிக என்று நிருபம் விடுத்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் கோயிலைவிட்டே வெளியேறினர்.

இவ்வழக்கிற் சாஸ்திரியாரை முற்றும் போற்றுவாரும் முற்றும் தூற்றுவாரும் உளர். இரண்டும் நேர்மையன்று. வேதமொழிபெயர்ப்பைப் பற்றிய குறையில் நியாயம் அவர் பக்கமே இருந்தது. இரேனியஸ் ஐயருடைய புதிய பெயர்ப்பு எளிய தமிழ், ஐயமில்லை. ஆனால், வாயாற் கற்றார்க்கு ஒரு சொல் மாறினும் நூலே மாறியதாம். அவர்கள் சேர்ந்து சொல்லிவந்த வாக்கியத்தில் ஒருவர் பழையதும் ஒருவர் புதியதும் சொன்னால், மறந்தவனை நிரப்புவார் யார்? அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்துப் பழகிய ஐரோப்பியர்க்கு இத்துன்பம் விளங்கவில்லை. கீர்த்தனத்தைத் தடுத்ததிலும் பாதிரிமாரே தவறினர். ஒரு மக்களுடைய வாயை அடைத்துவிட்டு அவர்கட்கு நற்செய்தி கூறுதல் யாங்ஙனம்? பூவைத் தடுத்ததைப்பற்றிப் பேசவும் வேண்டுவதில்லை. சாதியிருக்கையைக் காக்கப் புகுந்த ஒன்றிலே சாஸ்திரியார் பிழைபட்டார். அவருடைய கவித்திறத்தைக் கூறி அப்பிழையை மறைத்தல் தகாது. அப்பிழையைக் கூறி அவர் பாட்டை ஒதுக்குதலும் தகாது. நம் பாட்டிமார் ஒதுக்கவில்லை.

ஏனெனில், பின்னர் நிகழ்ந்தது இது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர், 1853-ல் சாஸ்திரியார் முதலியோருடைய கீர்த்தனங்களைத் தொகுத்து அச்சிட்டார். கோயிலினின்றும் தள்ளப்பட்டவை அச்சேறித் திரும்பி வந்தன. பனைநாட்டுச் சபைகளும் அவற்றை ஏற்றன. எந்தக் கோயிலில் நம்மவர் சென்றால் மறுபக்கத்தில் இருத்தப்பட்டிருப்பரோ, அந்தக் கோயிற் கவிராயர் பாட்டைத் தேரியிலும் விடிலியிலும் நம்மவர் பாடினர். பாடினவனுக்கு அது யார் குலத்தார் பாடியது என்னும் நினைவில்லை. பல்லவி தன் வாயில் வந்தபின் அது அவனுடையதே. சாஸ்திரியார் 1864 வரை வாழ்ந்தார். தம் பாட்டுத் தாம் செல்லாத இடமெல்லாம் சென்றதை அவர் அறிந்திருப்பர். என்ன எண்ணினார் என்பதை எழுதி வைத்திலர்.

இங்கே நம் குற்றத்தையும் கூறாது விடுதல் வரலாறாகாது. தஞ்சையில் நம்மை எங்கே இருத்தியிருப்பர் என்று வெகுளும் நாம், நம்மூர்க் கோயிலில் எவரை எங்கே இருத்தினோம் என்பதனையும் எண்ணுதல் வேண்டும். பள்ளர், பறையர் முதலிய வகுப்பினின்று சபையிற் சேர்ந்தோர், நம்மவர் மிகுந்த ஊர்கள் சிலவற்றில் நம்மோடு ஒருங்கே தொழ இடமின்றித் தம் குடியிருப்பிலேயே தனிக்கூடம் அமைத்துத் தொழுதமை உண்டு. அவர்களும் பாடியவை இதே கீர்த்தனங்கள்தாம். ஒரே அந்தியில், ஒரே பல்லவி, கூப்பிடு தூரத்தில் இரண்டு கூரையின்கீழ் எழுந்தது. குலச்சங்கத்துப் பத்திரிகையில் இதனை எழுதலாமோ என்று வினவுவார்க்கு, வேறெங்கு எழுதுவது என்பதே என் விடை. 1849-ல் கால்டுவெல் ஐயர் நம்மவரைக் குறித்து மனம் புண்பட எழுதிய நூலுக்கு நம் முன்னோர் சினந்தெழுந்து மறுப்புரைத்தனர், அச்சினம் முறையானதே. ஆயினும், அவர் எழுதியதனை மட்டும் நினைவில் வைத்து, நாம் செய்ததனை மறத்தல் கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதும் வணிகன் செயலாம். நம்மவருள் வணிகர் மிகுதி, அவர்கட்கு இது விளங்கும்.

கால்டுவெல் ஐயர் 1841 முதல் வாழ்ந்த இடையன்குடியில், அவர் மனைவியார் எலைசா அம்மையார் பெண்பிள்ளைகட்குப் பள்ளி நடத்தினார். நாகர்கோயிலில் ஊழியம் செய்த மால்ட் ஐயரின் மகளாகிய அவர் தமிழில் வல்லவர். அப்பெண்கள் பின்னலாடைத் தொழிலோடு வாசிப்பும் கற்றனர். இத்தகைய பள்ளிகளாற் சபைகளில் ஒரு மாற்றம் விளைந்தது. முன்பு ஊருக்கு உபதேசியார் ஒருவரே வாசிக்க வல்லவர். இப்போது வீட்டில் மகள் வாசிக்கத் தகப்பன் கேட்டான். பாளை சீவிய கையோடு வந்திருந்து, தான் நெட்டுருவாய் அறிந்த வாக்கியம் அப்புத்தகத்தில் அப்படியே இருக்கிறதென்பதனை மகள் வாயாற் கேட்டபோது, அவனுக்கு எழுத்தின்மேற் பிறந்த மதிப்பே நம் குலத்திற் கல்வி பரவியதற்கு ஒரு காரணம் என்பேன். பள்ளிக்கூடங்களின் எண்ணிக்கையை மட்டும் கூறுவோர் இதனைக் காண்பதில்லை.

துக்க வீட்டில் இவ்வழக்கம் தன் முழு உருவையும் காட்டும். நம் நாட்டில் இறந்தார் வீட்டிற் பெண்கள் கட்டியழுது ஒப்பாரி வைப்பர். ஒப்பாரி இழிந்ததன்று, அதில் உயர்ந்த கவி உண்டு, இறந்தானுடைய வாழ்வெல்லாம் அதில் வரும். கிறிஸ்தவர் வீடுகளில் அவ்விடத்தே கீர்த்தனம் வந்தது. இரவு முழுதும் உறவினரும் சபையாரும் முற்றத்திலிருந்து பாடுவர்; நடுநடுவே ஒருவர் சங்கீதப் புத்தகத்தினின்றும் வாசிப்பர். ஒப்பாரியிற் பாடுபவள் துயருற்றவளே. கீர்த்தனத்தில் துயருற்றாள் வாயடைத்திருக்கப் பிறர் அவளுக்காகப் பாடுகின்றனர். அவள் பாடவேண்டுவதில்லை. மூன்றாம் சாமத்தில் எப்பொழுதோ பல்லவி வருமிடத்து அவள் உதடு அசைதலும் உண்டு, அசையாதிருத்தலும் உண்டு. அதுபற்றி எவரும் ஒன்றும் வினவார். திருநீறணிந்த உறவினரும் அம்முற்றத்தில் விடியுமளவும் இருப்பர். பாட்டை அவரும் அறிவர். ஒப்பாரி முற்றும் மறைந்துபோயிற்று என்றும் எண்ணற்க. கீர்த்தனம் ஓய்ந்த இடைவெளியிற் கிழவியொருத்தி தொடங்கிவிடுவாள். உபதேசியாரும் சற்றுப் பொறுத்திருப்பார். அறிவுடைய உபதேசியார் செய்வது அதுவே.

மார்கழியிலும் இவ்வாறே. விடியற்காலத்துப் பஜனை நம் ஊர்த் தெருக்களில் இரு மதத்தார்க்கும் பொது. ஒரு தெருவில் திருப்பாவையும் மறு தெருவில் கிறிஸ்து பிறப்பின் கீர்த்தனமும் பனியில் வரும். ஜால்ராவுக்கு மதம் தெரியாது.

புலவர் திறத்தில் இச்சபைகள் பெற்ற பேறு எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827-ல் நெல்லையை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, கம்பனைக் கரைத்துக் குடித்து, 1853-ற் சாயர்புரம் கல்விச்சாலையிற் றமிழாசிரியராய் அமர்ந்தார். 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். இரட்சணிய யாத்திரிகத்தை 1894-ல் வெளியிட்டார். அக்காப்பியத்தைக் கற்றார் சிலரே. அதனிடையே தேவாரம் என்னும் பெயரால் அமைந்த இசைப்பாக்களையோ, காப்பியத்தின் பெயரறியாதாரும் பாடுகின்றனர். காப்பியம் கற்பிக்கும் எம்போலியர்க்கு இது சிறிது வருத்தமே. வேதத்தின் மொழிநடைக்கும் அவர் துணை நின்றார்; 1871-ல் முற்றுப்பெற்ற பவர் ஐயர் திருத்தத்தில் அவருக்கும் பங்குண்டு. இரேனியஸ் காலத்துப் பூசல் அத்திருத்தத்தோடு பெரும்பாலும் அடங்கிற்று. தலைமுறைகள் அதனையே மனனம் செய்தபின், இக்காலத்து எளிய பெயர்ப்புகள் வரும்போது மீண்டும் அதே குறையே கேட்கின்றது: சேர்ந்து சொல்ல முடியவில்லை என்று.

இறுதியாக நம் குலத்தவர் ஒருவரைக் கூறுவாம். தென்காசியை அடுத்த சாம்பவர்வடகரையில் 1859-ற் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், கிறிஸ்தவ நாடார் குடியினர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அங்கேயே இசையும் பயின்று, ஆசிரியராய்த் தஞ்சைக்குச் சென்றார்; பின் மருத்துவத்திற் பெரும்புகழும் பொருளும் ஈட்டினார். கீர்த்தனம் பாடி வளர்ந்த செவி அவருக்கு இருந்தது. அப்பாட்டு எங்ஙனம் அமைந்தது, சுருதிகள் எத்தனை, சிலப்பதிகாரம் கூறும் பாலை முறைக்கும் இக்காலத்து இராகங்கட்கும் உறவு யாது என்று ஆராயத் தொடங்கினார். தாமே கீர்த்தனங்களும் இயற்றினார். 1912-ல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்பதைத் தஞ்சையிலே தோற்றுவித்துத் தம் செலவில் மகாநாடுகள் கூட்டினார். 1916-ற் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மகாநாட்டிற்குத் தம் மக்களையும் அழைத்துச் சென்று, தம் கொள்கையைப் பாடியும் வாசித்தும் காட்டச் செய்தார். கருணாமிர்த சாகரம் 1917-ல் வெளிவந்தது. 1919-ல் அவர் காலமானார்.

தாவீது சுந்தரானந்தம் வேதம் கேட்கச் சென்ற ஊரும், சாஸ்திரியார் இருக்கைக்காக வழக்காடிய ஊரும் அத்தஞ்சையே. அங்கே பண்டிதர் கூட்டிய மகாநாடுகளில் வீணை வித்துவான்களும் வாய்ப்பாட்டு வித்துவான்களும் பல வகுப்பினர், பல சமயத்தினர் வந்திருந்து, சுருதியைக் குறித்து அவரோடு வாதாடினர்.